கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

குழந்தையின் கையில் பொம்மைக் காரைக் கொடுத்தால் உருட்டும். சேகரிப்பாளர் கையில் கொடுத்தால் முதல் வேலையாகக் கவிழ்ப்பார். சக்கரம் சுற்றுகிறதா, கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான். அடித்தட்டில் என்ன பெயர், என்ன எண், எந்த ஊர்? அதைப் படித்து முடித்த பிறகே அவர் முகத்தில் விலை ஓடும்.

எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது மயிலாடுதுறையில் அத்தை வீட்டுக் கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கியபோது. பழைய வேட்டித் துணியில் சுற்றிய தசாவதார செட், செட்டியார், செட்டியாரம்மா, ஒரு ஜோடி மரப்பாச்சி. அடியில் ஒரு சுருக்குப் பையில் பித்தளைச் செப்புகள். அதற்கும் அடியில், மஞ்சளேறிய நாளிதழில் மடித்து வைத்த ஒரு சின்ன பஸ். கொலுப்படிக்கு முன்னால் மணல் பரப்பி, கேழ்வரகு தெளித்து முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கிப் பிள்ளைகள் நாங்கள் கட்டும் ‘பார்க்’கில் வருஷா வருஷம் நின்ற பஸ் அது. “பார்க்குல நிக்கிற பஸ்ஸுடா அது, எடுத்து ஓட்டக் கூடாது” என்று அத்தை அதட்டுவார். ஒன்பது நாள் நிற்கும். மீதி நாளெல்லாம் பெட்டிக்குள் கிடக்கும். பூச்சு பிழைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

கவிழ்த்தேன். அடித்தட்டில் ‘நிக்கி டாய்ஸ்’ என்று ஆங்கில எழுத்துகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெயர் இருக்கும் இடம் மட்டும் அக்கம்பக்கத்தைப்போல வழவழப்பாக இல்லை. முன்பு அங்கே வேறு பெயர் இருந்தது: டிங்கி.

லிவர்பூல் நகரத்து பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையில் பிறந்தவை டிங்கி வண்டிகள். மெக்கானோவைத் தொடங்கிய ஃபிராங்க் ஹார்ன்பி தன் பொம்மை ரயில்களுக்குத் துணையாகச் சின்னச் சின்னக் கார்களையும் லாரிகளையும் வார்த்து விற்றார். 1934இல் அவற்றுக்கு டிங்கி என்று பெயர் வந்தது. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது முறை. இதில் செலவு பிடிப்பது உலோகமோ பெயின்டோ அல்ல, அச்சு. ஒரு மாடலின் மவுசு குறைந்து கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதை நிறுத்தினாலும் அச்சு அப்படியே இருக்கும். அதை என்ன செய்வது? இன்னொரு நாட்டுக்கு விற்கலாம். அறுபதுகளின் கடைசியில் டிங்கியின் பல அச்சுகள் அப்படித்தான் கல்கத்தாவுக்கு வந்தன. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி உரிமம் கிடைக்காத காலம் அது. பொம்மை வர முடியாத நாட்டுக்குள் அச்சு வந்தது. பெயர் நிக்கி ஆனது.

என் கையில் இருந்த பஸ்ஸின் கதை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. டிங்கி அதை வார்த்தபோது அது அட்லஸ் என்னும் ஆங்கிலேய வேன். அந்த வேனையே சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற பெயரில் கட்டிக்கொண்டிருந்தது. கல்கத்தாக்காரர்கள் பொம்மைக்கும் அந்தப் பெயரையே சூட்டி ஸ்டாண்டர்டு 20 மினிபஸ் ஆக்கிவிட்டார்கள். லிவர்பூலில் வெட்டிய அச்சில், கல்கத்தாவில் வார்த்த, சென்னை வண்டியின் பொம்மை, மயிலாடுதுறைக் கொலுவில் நின்றிருக்கிறது.

வேலைப்பாட்டைப் பார்த்தால் நிக்கி டிங்கிக்கு ஈடில்லை. தேய்ந்த அச்சு; விளிம்புகளில் பிசிறு. கதவுக் கோடுகள் மழுங்கியிருக்கின்றன. பூச்சோ வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்ததுபோல் தடிமன். இருந்தும், லிவர்பூலில் வந்த எல்லா மாடலும் வைத்திருக்கும் ஒரு பிரிட்டன் சேகரிப்பாளர் தேடி அலைவது இந்த மட்டமான வார்ப்பைத்தான். அவரிடம் இல்லாதது இதுதானே. டிங்கியோடு இந்த அச்சுப் பயணம் நிற்கவும் இல்லை. மேட்ச்பாக்ஸ் அச்சுகள் எழுபதுகளில் மேக்ஸ்வெல் என்ற பெயரில் அதே கல்கத்தாவில் மறுபிறவி எடுத்தன. கார்கி வார்ப்புகளை ஒத்த கார்களை மில்டன் விற்றது. அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் எண்பதுகளில் லியோ முத்திரையோடு இந்தியக் கடைகளுக்கு வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் இன்று தனித்தனியாகச் சேகரிப்பாளர் கூட்டம் உண்டு. வாங்குகிறவர் கவனிப்பது தரத்தை அல்ல, வேறுபாட்டை. அந்த வேறுபாட்டுக்கு அடித்தட்டு சாட்சி சொல்ல வேண்டும்.

அடித்தட்டில் ஊர்ப் பெயர் எழுதும் வழக்கம் வந்த கதை வேடிக்கையானது. பெருமைக்காக அதைத் தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் சரக்குகள் பிரிட்டன் சந்தையில் குவிந்தன. உள்ளூர் உற்பத்தியாளர்கள் கூச்சலிட, 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கு என்று தெரிந்தால் மக்கள் தொட மாட்டார்கள் என்பது கணக்கு. 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கச் சட்டத்தின் வழியே, இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அவமானமாக ஒட்டிய அந்தச் சொற்கள் நூறாண்டு கழித்துப் பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டன. ஜப்பானியப் பொருள்களில் முதலில் ‘நிப்பான்’ என்று எழுதினார்கள். அது ஜப்பானியச் சொல், ஆங்கிலத்தில் ‘ஜப்பான்’ என்றுதான் எழுத வேண்டும் என்று 1921இல் அமெரிக்கச் சுங்கத் துறை முடிவெடுத்தது. சுங்க அதிகாரிகளின் அந்த ஒரு முடிவு போதும்; முத்திரையைப் பார்த்தவுடனே பொம்மை 1921க்கு முன்னதா பின்னதா என்று இன்றைய வியாபாரி ஊகித்துவிடுவார்.

இன்னும் துல்லியமான முத்திரை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் அமெரிக்கப் படையின் பிடியில் இருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிப் பொருள்கள் பல ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற வாசகத்தோடு கப்பல் ஏறின. சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார், குட்டிக்கரணம் போடும் செல்லுலாய்டு குரங்கு, பீங்கான் பொம்மை, எல்லாவற்றிலும் அதே வாசகம். ஒரு நாட்டின் தோல்வி ஐந்தே ஆண்டுகளுக்குப் பொம்மைகளின் வயிற்றில் பொறிக்கப்பட்டு, பிறகு மறைந்தது. அந்த வாசகம் இருந்தால் மட்டுமே வாங்குவோம் என்றிருக்கும் சேகரிப்பாளர்கள் அமெரிக்காவில் பலர். பக்கத்திலேயே அதே அச்சில் வந்த, வெறும் ‘ஜப்பான்’ என்று எழுதிய பொம்மை இருக்கும். அதை அவர்கள் தொடுவதில்லை. இந்த முத்திரை வருவதற்கு முன்பே ஜப்பானில் பொம்மைத் தொழில் உயிர்த்துவிட்டது. கொசுகே என்னும் பொம்மைக்காரர் அமெரிக்கப் படையினர் தின்று எறிந்த உணவு டப்பாக்களை வெட்டி நிமிர்த்தி, அதே படையின் ஜீப்பைப் பொம்மையாகச் செய்தார். 1945 டிசம்பரில் அது கியோட்டோ கடையில் விற்பனைக்கு வந்தது. ஜெயித்தவனின் வண்டி, அவன் குப்பையிலிருந்தே. பொம்மை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வண்டி இதுதான்.

சட்டம் சொல்லாமல் தானாகவே முத்திரை குத்திக்கொண்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் மார்கரேட் ஸ்டைஃப் தொடங்கிய துணிப்பொம்மை நிறுவனம், 1903இல் லைப்ஸிக் கண்காட்சியில் வைத்த கரடிப் பொம்மைக்கு ஒரே அமெரிக்க வாங்குநரிடமிருந்து 3,000 எண்ணிக்கையில் ஆர்டர் பெற்றது. அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வேட்டையில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார் என்ற செய்தியும், அதையொட்டி வந்த கேலிச்சித்திரமும் கரடிக்கு டெடி என்று பெயர் வாங்கிக் கொடுத்திருந்த நேரம். கரடி விற்றதும் போலிகள் முளைத்தன. 1904இல் ஸ்டைஃப் தன் பொம்மைகளின் இடது காதில் ஒரு உலோகப் பொத்தானைப் பொருத்தத் தொடங்கியது. போலியைத் தடுக்க வைத்த அந்தப் பொத்தான் இன்று கரடியின் விலையில் பெரும்பங்கு. பொத்தானின் வடிவம், எழுத்து, துணிப் பட்டையின் நிறம் ஆகியவற்றை வைத்தே கரடி பிறந்த ஆண்டுகளைக் குறுக்கிவிடலாம்.

ஸ்டைஃப் கரடிகளில் பேர்போனது ‘டெடி கேர்ள்’. 1904இல் செய்தது, லவங்கப்பட்டை நிறம். பாப் ஹென்டர்சன் என்ற ராணுவக் கர்னலுக்குச் சிறுவயது முதல் கடைசிவரை துணை. அவர் மறைவுக்குப் பிறகு 1994 டிசம்பர் 5 அன்று லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,10,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர் ஜப்பானியர், கரடி இஸு தீபகற்பத்தில் அவர் அமைத்த கரடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் நான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. விளையாடாத பொம்மைக்குத்தான் விலை என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். டெடி கேர்ளோ ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பக்கத்தில் வைத்திருந்த கரடி. ஆனால் அந்த மனிதர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பொத்தான் ஒரு முகவரி, ஹென்டர்சன் இன்னொரு முகவரி. யாரோ ஒரு குழந்தை அதே அளவு நேசித்துத் தேய்த்த, பெயர் தெரியாத கரடி, ஏலக் கூடத்தில் வெறும் தேய்ந்த கரடி.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு வேறு கட்டத்துக்குப் போனது. ‘ஸ்டார் வார்ஸ்’ 1977 மே மாதம் வெளிவந்தபோது அதன் பொம்மை உரிமம் சின்சினாட்டியின் கென்னர் நிறுவனத்திடம் இருந்தது. படம் இப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? பொம்மையே இல்லாத அட்டை உறையை விற்றது. உள்ளே ஒரு சான்றிதழ். அதை அஞ்சலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு உருவங்கள் வீடு வரும். அந்த வெற்று உறைக்கும் இன்று நல்ல விலை.

1979இல் கென்னர் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் போபா ஃபெட் என்ற பாத்திரத்தை, முதுகிலிருந்து ராக்கெட் பாயும்படி வடிவமைத்து விளம்பரமும் செய்தது. அதற்குள் வேறொரு நிறுவனத்தின் விண்வெளிப் பொம்மையிலிருந்து பாய்ந்த சின்னத் துண்டு ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கி உயிரைப் பறித்தது. கென்னர் தன் ராக்கெட்டை அசையாமல் ஒட்டி அனுப்பியது. பாயும் ராக்கெட் வைத்த பொம்மை ஒன்றுகூட எந்தக் குழந்தை கைக்கும் போகவில்லை. சோதனைக்காகச் செய்த மாதிரிகள் மட்டும் ஊழியர்கள் வழியாக வெளியே கசிந்தன. அவற்றில் கையால் வண்ணம் தீட்டிய ஒன்று 2024இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்கு விற்றது. விரல் நீளப் பிளாஸ்டிக். பொம்மையாகப் பார்த்தால் தோற்றுப்போன பொம்மை. அதன் விலை முழுவதும் அந்தத் தோல்வியின் ஆவணத்துக்கு.

இதைவிட நுணுக்கமானது ஜாவா கதை. ஜாவா என்பது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் குட்டைப் பாத்திரம். 1978இல் முதலில் வந்த ஜாவாக்களுக்கு வினைல் மேலங்கி போட்டிருந்தார்கள். உருவமும் சின்னது, அங்கியும் மட்டமாகத் தெரிகிறது, விலை மட்டும் மற்றதற்குச் சமம் என்று பட்டதால் சீக்கிரமே துணி அங்கிக்கு மாறினார்கள். இன்று துணி ஜாவா எங்கும் கிடைக்கும். வினைல் ஜாவாவுக்கு அடிதடி. அதனால் ஒரு தனித் தொழிலே பிறந்தது: அதே படத்தின் ஓபி-வான் கெனோபி பொம்மையின் வினைல் அங்கியை ஜாவா அளவுக்கு வெட்டிப் போட்டு விற்பது. அங்கியின் நிறம், தடிமன், கை நுழையும் துளையின் வெட்டு ஆகியவற்றை ஒப்பிட்டு அசல் எது என்று தீர்ப்புச் சொல்லி, பொம்மையை அக்ரிலிக் பெட்டிக்குள் முத்திரையிட்டு மதிப்பெண் போட்டுத் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. அடித்தட்டைப் படிப்பதில் தொடங்கிய வேலை, ஒரு துண்டு வினைலின் வெட்டு விளிம்பைப் படிப்பதில் வந்து நிற்கிறது.

இந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் எதிர்பாராதது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் 1987இல் கைகோத்துத் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ படைவீரர்களை அது 2000களின் தொடக்கம் வரை இந்தியாவில் வார்த்து விற்றது. அச்சுகள் பல நாடு சுற்றி வந்தவை. இங்கே வந்ததும் வீரர்களின் சீருடை நிறம் மாறியது. அமெரிக்காவில் பச்சையாக வந்தவர் இங்கே வேறு நிறத்தில் வந்தார்; ஒரே வீரர் ஒரு முறை ஒரு நிறம், அடுத்த முறை வேறு நிறம். ஒருவரின் தலை இன்னொருவரின் உடம்பில் ஏறியதும் உண்டு. தூர்தர்ஷனில் ‘ஸ்ட்ரீட் ஹாக்’ தொடர் சக்கைப்போடு போட்டதைப் பார்த்து, அந்த மோட்டார் சைக்கிள் நாயகனையும் இங்கே மட்டும் பொம்மையாக்கினார்கள். எண்பதுகளில் பிறந்த நம் பிள்ளைகள் இதை எல்லாம் மாறுதலாகவே நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதுதான் அசல். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பிறகு இதைக் கண்டுபிடித்தபோது, நிறம் நிறமாகப் பட்டியல் போட்டுத் தேடத் தொடங்கினார்கள். கையில் இருந்த நிறத்தை ஊற்றிய அந்தத் தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். அட்டையைக் கிழிக்காமல் வைத்திருக்கும் இந்திய வீரர் ஒருவருக்கு இன்று அமெரிக்கச் சந்தையில் மதிப்பு. இந்திய வீடுகளில் அட்டையைக் கிழிக்காமல் வைத்திருந்தவர் யார்?

அட்டைக்குள் பத்திரமாக இருந்தாலும் காலம் விடுவதில்லை. ஜி.ஐ. ஜோ வீரரின் உடம்பையும் இடுப்பையும் பிணைப்பது உள்ளே இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வருஷம் ஆக ஆக அது இறுகி வெடிக்கும். ஒருநாள் எடுத்தால் வீரர் இரண்டு துண்டாகக் கையோடு வருவார். 1959இல் வந்த முதல் பார்பிக்குக் காதில் செம்புக் கம்பி வைத்த தோடு. செம்பு மெல்லக் கசிந்து காதைச் சுற்றிய வினைலைப் பச்சையாக்கிவிடும். ‘பச்சைக் காது’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், அது இருந்தால் விலை இறங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கிகளின் கதி இன்னும் மோசம். உருக்கிய துத்தநாகக் கலவையில் ஈயம் போன்றவை துளி கலந்திருந்தாலும், ஈரப்பதம் பட்டுப் பல ஆண்டுகளில் உலோகம் உள்ளேயே உப்பி, வெடித்து, பொரியாக உதிரும். துத்தநாகக் கொள்ளைநோய் என்பார்கள். ரகசியம் தொழிற்சாலைத் தரையில் இருந்தது: அச்சிலிருந்து வழிந்ததையும் பழைய துண்டுகளையும் மறுபடி உருக்கியபோது கூடவே வேறு உலோகமும் போயிருக்கிறது. மருந்து கிடையாது. அலமாரியில் வைத்த கார் அலமாரியிலேயே பொடியாகும். கடலோர ஈரம், கோடை வெயில், வெள்ளிமீன் பூச்சி இவை மூன்றும் சேர்ந்த நம் ஊரில் தகரப் பொம்மையும் அட்டைப் பெட்டியும் ஐம்பது ஆண்டு பிழைப்பதே பெரிது. கொலுப் பெட்டியில் வேட்டித் துணியும் வேப்பிலையும் போட்டு வைத்தவர்கள், அறியாமலே காப்பாளர் வேலை பார்த்திருக்கிறார்கள்.

முத்திரை இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு பீனி பேபீஸ் சாட்சி. 1993இல் டை வார்னரின் நிறுவனம் இந்த வரிசையை ஒன்பது துணிப்பொம்மைகளோடு தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் இதய வடிவ அட்டை. அட்டை கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை விற்றார்கள். சில பொம்மைகளுக்கு ‘ஓய்வு’ அறிவித்து உற்பத்தியை நிறுத்துவார்கள், உடனே விலை ஏறும். அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் இன்னும் ஏறும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் உண்டு. 1999இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றத்தில், விவாகரத்துப் பெற்ற தம்பதி நீதிபதி முன்னால் தரையில் உட்கார்ந்து பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்த புகைப்படம் உலகமெங்கும் வந்தது. பிறகு எல்லாம் சரிந்தது. அட்டையும் இருந்தது, பெயரும் பிழையும் இருந்தன. தொலைந்துபோவது மட்டும் நடக்கவில்லை. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் யாருக்கும் அரிதாகாது. ஜாவாவின் அங்கியும் நிக்கியின் பெட்டியும் விலை பெற்றது, அன்றைக்கு யாரும் அவற்றை மதிக்காமல் தூக்கி எறிந்ததால்.

தலைமுறைக் கணக்கும் உண்டு. ஐம்பதுகளில் லயனல் பொம்மை ரயில்களோடு வளர்ந்த அமெரிக்கர்கள் கையில் காசு வந்த வயதில் அவற்றைத் தேடி வாங்கி விலையை ஏற்றினார்கள். அவர்களுக்கு வயதாகி, வீடு சுருங்கி, பெட்டிகள் சந்தைக்கு வரும்போது வாங்க ஆளில்லை. சாதாரண மாடல்கள் விலை இறங்கிவிட்டன. பெண் குழந்தைகளுக்கென்று 1957இல் லயனல் இளஞ்சிவப்பு எஞ்சினோடு விட்ட ரயில் அன்று தோல்வி. விற்காததால் குறைவு, குறைவானதால் இன்றும் தேடுகிறார்கள். இதற்கு எதிர்முனையில் லெகோ. மாஸ்கோ ஆய்வாளர்கள் இருவர் 1987 முதல் 2015 வரை வெளிவந்த 2,322 லெகோ தொகுப்புகளின் விலைகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாகக் குறைந்தது 11 சதவீதம் ஏறியதாக எழுதினார்கள். செய்தித்தாள்கள் இதைத் தங்கத்தை விட மேல் என்று கொண்டாடின. அந்தக் கணக்கு பிரிக்காத பெட்டிக்கு. கட்டிலுக்கடியில் வாளி நிறையக் கிடக்கும் கலந்த கட்டைகளுக்கு அது பொருந்தாது.

இவ்வளவும் பேசிவிட்டு நம் பொம்மைகளைப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது. அம்பாசமுத்திரத்துக் கடைசல் செப்பு, தஞ்சாவூர்த் தலையாட்டி, பனையோலைக் கிலுகிலுப்பை, மரப்பாச்சி. வயதிலோ வேலைப்பாட்டிலோ இவற்றுக்குக் குறைவில்லை. தாத்தா காலத்து மரப்பாச்சி ஜோடி எத்தனையோ வீட்டில் இருக்கிறது. ஆனால் கவிழ்த்தால் ஒன்றும் எழுதியிருக்காது. செய்தவர் பெயரில்லை, ஆண்டில்லை, வரிசை எண்ணில்லை. இந்த மரப்பாச்சி 1920இல் கடைந்ததா 1970இல் கடைந்ததா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்தே காலம் சொல்லும் தச்சர் ஒருவர் இருக்கலாம். அவர் சொல்லைச் சந்தை ஏற்காது. தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதுதான், போலியைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அது ஊரைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை, ஆண்டையும் சொல்வதில்லை. ஸ்டைஃப் தன் பொத்தானால் செய்ததை எந்தக் குறியீடும் பின்னோக்கிப் போய்ச் செய்ய முடியாது. இதற்காகக் கைவினைஞர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை. தேர்த்திருவிழாக் கடையில் காலணாவுக்கு வாங்கி, உடைந்ததும் அடுத்த திருவிழாவில் வேறு வாங்குகிற பொருளில் பெயர் எழுத வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. ஏற்றுமதி இல்லை, சுங்க அதிகாரி இல்லை, எனவே முத்திரையும் இல்லை.

இன்னும் பின்னே போனால் விலையே வேறு கட்டத்துக்குள் போய்விடுகிறது. கீழடி அகழாய்வில் சங்க காலத்து வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. உடைந்த பானை ஓட்டை எடுத்து விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கியவை. ஆட்டக்காய்களும் பகடையும் கூடவே. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய பொருள் தொல்பொருள் ஆகிவிடும். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்; தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு வயதுக்குள் இருந்தால் குப்பை, தாண்டினால் அரசுச் சொத்து மாதிரி. இரண்டுக்கும் நடுவே சேகரிப்பாளருக்கான சந்து நம் மண்பொம்மைக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லதா கெட்டதா என்பதில் எனக்கே இரண்டு மனம். போபா ஃபெட்டுக்கு வந்த கதி கீழடிச் சில்லுக்கு வர வேண்டாம் என்று ஒரு மனம். விலை இருந்திருந்தால் எத்தனையோ செப்பும் கிலுகிலுப்பையும் அடுப்புக்குப் போகாமல் தப்பியிருக்கும் என்று இன்னொரு மனம்.

போன தை மாதம் காரைக்குடி போக வேண்டியிருந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி எல்லாம் வாசல் வரை அடுக்கியிருப்பார்கள். பையில் பஸ்ஸையும் செப்புச் சுருக்குப் பையையும் கொண்டுபோயிருந்தேன். விற்கும் எண்ணம் இல்லை. என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க ஆசை. இளவயதுக் கடைக்காரர் பஸ்ஸை வாங்கினார். நான் எதிர்பார்த்தபடியே கவிழ்த்தார். கைபேசியில் விளக்கைப் போட்டு எழுத்தைப் படித்தார். “பெட்டி இருக்காண்ணே?” என்றார். இல்லை என்றேன். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, “பெட்டியோட இருந்தா கதையே வேற” என்று இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்தார்.

பிறகு சுருக்குப் பையை அவிழ்த்தார். கட்டை விரல் உயரக் குடம், இட்லிக் கொப்பரை, கரண்டி, மூன்று குமிழ் வைத்த அடுப்பு. பாட்டியின் அம்மா விளையாடியவை என்று வீட்டில் சொல்வார்கள். அவர் எதையும் கவிழ்க்கவில்லை. மொத்தமாக எடுத்துத் தராசுத் தட்டில் போட்டார்.

“பித்தளைக்கு எடைதாண்ணே.”

தட்டு 640 கிராம் காட்டியது. அடுப்பின் உள்பக்கத்தில் கரி கெட்டியாகப் பிடித்திருந்தது. யாரோ நிஜமாகவே நெருப்பு மூட்டிச் சோறு பொங்கியிருக்கிறார்கள். அந்தக் கரியும் சேர்த்துத்தான் 640.